கணினிக்குள் புகுந்த வரைபலகை

கட்டட வரைவு கற்றுத்தரும் கணினிப் பயிற்சி நிலையங்களில் பாட வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் ஒரு கோடு. அதிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி இணையாக இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் சுவர். மூலையில் நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டால் அறை. பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றையும் தனித்தனியாகப் போடக் கை பழகிய பிறகே ‘த்ரீ டி’ வரும். அதுவும் பல இடங்களில் தனிப் பாடம், தனிக் கட்டணம். எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போவதுதானே முறை என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். அந்த நியாயம் நிற்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கட்டடத்தைத் தட்டையான தாளில் அடக்குவது, மனிதர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த, கற்பதற்கு மிகக் கடினமான ஒரு வித்தை. தாள் ஒன்றே கருவியாக இருந்தவரை அதைத் தவிர்க்க முடியவில்லை. கணினி வந்த பிறகும் அதே வரிசை நீடிப்பதற்குக் காரணம் தேடினால் கற்பித்தல் நெறி எதுவும் அகப்படவில்லை. 1980களின் சந்தை நிலவரம்தான் அகப்படுகிறது.

கன உருவத்தைத் தாளில் பிழையின்றி இறக்கும் அறிவு ஐரோப்பாவில் முதலில் கல்தச்சர்களிடம் இருந்தது. வளைவுக் கூரைக்கு ஒவ்வொரு கல்லையும் எந்தச் சாய்வில் செதுக்குவது என்பதை அவர்கள் தரையில் கோடு கீறிக் கண்டுபிடித்தார்கள். பிலிபேர் தெ லோர்ம் 1567இல் பிரான்சில் வெளியிட்ட நூலில் அந்த உத்திகள் அச்சேறின. ஆனாலும் இந்த வளைவுக்கு இந்த உத்தி என்ற அளவிலேயே அவை நின்றன. அவற்றைப் பொது விதியாக்கியவர் காஸ்பார் மோன்ழ். 1760களில் மெஸியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்த இளைஞர். உயர்குடியில் பிறக்காததால் அதிகாரிகளுக்கான படிப்பில் இடமின்றி வரைவு வேலைக்கு அமர்த்தப்பட்டவர். கோட்டையின் உட்புறம் எதிரியின் பார்வைக்கும் பீரங்கிக்கும் படாதபடி சுவர் உயரங்களைத் தீர்மானிக்க அப்போது நீண்ட கணக்குகள் போட வேண்டியிருந்தது. மோன்ழ் அதை வரைந்தே முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க வழியில்லை என்று மேலதிகாரி முதலில் நம்ப மறுத்தார். முறை சரிதான் என்று தெரிந்ததும் அது ராணுவ ரகசியமாகிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1795இல்தான் மோன்ழால் பாரிஸில் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது; 1799இல் அது நூலாகவும் வந்தது.

முறையின் சாரம் இரண்டு வரிதான். பொருளின் உருவைத் தரையில் ஒன்று, சுவரில் ஒன்று என இரண்டு தளங்களில் நேர்க்குத்தாக விழச் செய்ய வேண்டும். பிறகு சுவரை மடக்கித் தரையோடு சமமாக்கினால் இரண்டு படமும் ஒரே தாளில் வந்துவிடும், எந்த நீளத்தையும் கோணத்தையும் அதிலிருந்து அளந்துகொள்ளலாம். நெப்போலியனின் படையில் இருந்த கிளாட் குரோஸே 1816இல் அதை அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் பொறியியல் முதலாண்டு படித்தவர்களில் பலருக்கு மோன்ழின் பெயர் தெரியாது, அவருடைய பாடம் தெரியும்: எச்.பி. என்னும் தரைத் தளத்துக்கும் வி.பி. என்னும் சுவர்த் தளத்துக்கும் சாய்ந்து நிற்கும் கோடு, வெட்டப்பட்ட கூம்பு, விரிக்கப்பட்ட உருளை. எஞ்சினியரிங் கிராபிக்ஸில் அரியர் வைத்தவர்கள், தாங்கள் தோற்றது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ராணுவ ரகசியம் ஒன்றிடம் என்று ஆறுதல் கொள்ளலாம். தட்டையான வரைபடம்தான் எளிது என்பவர்கள் அந்த அரியர் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இந்த முறையால் உலகம் முழுக்க ஆலைகளும் பாலங்களும் எழுந்தன. ஆனால் அதனோடு ஒரு குறையும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே கட்டடம் பல தாள்களாகப் பிரிந்தது. ஒரு தாளில் நடப்பது அடுத்த தாளுக்குத் தெரியாது. பிளானில் சமையலறை ஜன்னலை நான்கடியிலிருந்து ஐந்தடியாக்கினால் எலிவேஷனில் அது நான்கடியாகவே நிற்கும், யாராவது நினைவு வைத்துத் திருத்தும்வரை. தாள்களுக்கு நடுவே கட்டடம் முழுசாக இருந்த ஒரே இடம் டிராப்ட்ஸ்மேனின் தலை. நல்ல டிராப்ட்ஸ்மேனுக்கு இருந்த மதிப்பு, கோட்டின் நேர்த்தியைவிட இந்த ஞாபகத்துக்கே உரியது. அது தவறும் இடம் பெரும்பாலும் படிக்கட்டு. பிளானில் படிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், செக்‌ஷன் வேறு இடத்தில் வெட்டப்பட்டிருக்கும், ஏறுகிறவர் தலைக்கு நேரே மேல்தளத்துப் பீம் வந்து நிற்கும். அதை முதலில் கண்டுபிடிப்பவர் சென்ட்ரிங் அடிக்கும்போது அண்ணாந்து பார்க்கும் மேஸ்திரியாகத்தான் இருப்பார்.

வரைபடத்துக்கு முன்பும், அதன் காலத்திலும், இன்னொரு வழி இருந்தது. ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 1418இல் போட்டி அறிவிக்கப்பட்டபோது புரூனலெஸ்கி செங்கல்லில் ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டினார். அடியில் சென்ட்ரிங் கொடுக்காமலே கூரையை எழுப்பலாம் என்பதை எந்தத் தாளும் அப்படி மெய்ப்பித்திருக்க முடியாது. அதே நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி எழுதிய ஆல்பெர்ட்டி, மாதிரியில் வண்ணமும் அலங்காரமும் கூடாது, வெறும் மாதிரியே போதும் என்று வலியுறுத்தினார். பார்ப்பவர் கண் மயங்கக் கூடாது என்பது அவர் கவலை. பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயம் இன்னும் அழுத்தமான சான்று. அதன் கட்டடக் கலைஞர் கௌடி 1926இல் இறந்தார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அவருடைய பட்டறை சூறையாடப்பட்டு வரைபடங்கள் எரிந்தன, பிளாஸ்டர் மாதிரிகள் நொறுங்கின. எரிந்த தாள் போனது போனதுதான். நொறுங்கிய பிளாஸ்டர் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, கௌடி எந்த வளைபரப்புகளை எங்கே சந்திக்கச் செய்தார் என்பதைப் பின்வந்தவர்கள் மீட்டார்கள். 1979இல் அங்கே சேர்ந்த நியூசிலாந்துக்காரர் மார்க் பரி அந்தச் சந்திப்புக் கோடுகளைப் பல ஆண்டுகள் கையால் வரைந்தார். பிறகு கணினிக்கு மாறியபோது, கட்டடக்கலைக்கென்று விற்ற மென்பொருள்களால் அந்த வடிவங்களைக் கையாள முடியாமல், விமானம் வடிவமைக்கும் துறையின் மென்பொருளை நாட வேண்டியிருந்தது. கட்டடக்கலைக்கான மென்பொருள் ஏன் அந்த நிலையில் இருந்தது?

கணினிக்கு முப்பரிமாணம் புதிதல்ல. ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் டி.எக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேடைக் காட்டியது 1963இல். அதே ஆண்டு அங்கேயே திமோதி ஜான்சன் அதை முப்பரிமாணத்துக்கு விரித்தார். திரை நான்காகப் பிரிந்து மேல் தோற்றம், முன் தோற்றம், பக்கத் தோற்றம், பெர்ஸ்பெக்டிவ் தோற்றம் நான்கையும் காட்டியது. ஒன்றில் வரைந்தால் மற்ற மூன்றும் மாறின. டிராப்ட்ஸ்மேன் தலைக்குள் நடந்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்ட முதல் கணம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் வரைபடத்துக்குப் பதிலாகவே கணினியைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் இதழில் எழுதினார். அவர் வாதம் மேலே சொன்ன ஜன்னல் பிரச்சினைதான்: கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் குறைந்தது இரண்டு வரைபடங்களில் வருகிறது, ஒரு மாற்றத்தை எல்லாவற்றிலும் திருத்த வேண்டியிருக்கிறது, அதற்குப் பதில் சுவரையும் தூணையும் பொருள்களாகவே கணினியில் அடுக்கினால், வேண்டிய வரைபடத்தை அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆக, இன்று புதுமை என்று விற்கப்படும் கருத்து ஐம்பது ஆண்டுப் பழசு.

நடுவே புகுந்தது 1982. அந்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருள் காட்டப்பட்டது; டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதுவரை வரைவுக் கணினிகள் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடியவை. ஆட்டோகேட் சுமார் ஆயிரம் டாலருக்கு மேசைக் கணினியிலேயே ஓடியது. அது வென்றதற்கு இன்னொரு காரணம், அலுவலகத்தில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. டிரேசிங் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது போலவே அதன் லேயர்கள். டி-ஸ்கொயரும் செட்-ஸ்கொயரும் செய்ததை அதன் கட்டளைகள் செய்தன. எளிய உயரம் கொடுக்கும் வசதி 1985இல் வந்தது. ஓரளவு முழுமையான முப்பரிமாணம் வர 1988 ஆயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை தட்டையாகவே கற்று முடித்து, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கவும் தொடங்கிவிட்டது. இங்கே பயிற்சி நிலையங்கள் 1990களில் பெருகியபோது அவை எடுத்துக்கொண்டது அந்தப் பாடத்திட்டத்தையே.

சிறிய கணினிகளால் அன்று வேறெதுவும் முடியாதே என்று கேட்கலாம். புடாபெஸ்ட் அதற்குப் பதில் சொல்கிறது. அதே 1982இல் அங்கே காபோர் போயார் கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். பாக்ஷ் அணுமின் நிலையத்தின் குழாய்ப் பின்னலை முப்பரிமாணத்தில் மாதிரியாக்குவது அவர்களுடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று. பெரிய கணினிகளை ஹங்கேரி இருந்த சோவியத் அணிக்கு விற்க மேற்கு நாடுகள் தடை விதித்திருந்ததால், சின்ன இயந்திரத்துக்குள் முப்பரிமாணத்தை அடக்குவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் ஆர்க்கிகேட் மென்பொருள். வசதி குறைந்த இடத்தில் கட்டடத்தையே மாதிரியாக்கினார்கள். வசதி மிகுந்த இடத்தில் வரைபலகையை நகலெடுத்தார்கள்.

மாதிரி திரும்பி வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரியின் அலுவலகம் 1992 ஒலிம்பிக்ஸுக்காகப் பார்சிலோனா கடற்கரையில் எழுப்பிய மீன் சிற்பத்துக்குப் பிரெஞ்சு விமான நிறுவனமான தாசோவின் கேட்டியா மென்பொருளைப் பயன்படுத்தியது. 1997இல் திறக்கப்பட்ட பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகமும் அப்படியே. கேரி கணினியைத் தொட்டவரில்லை. காகிதத்திலும் மரத்திலும் மாதிரி செய்தார், அலுவலகத்தினர் அதை அளந்து கணினிக்குள் ஏற்றினார்கள். 2000இல் இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஸ்கெட்ச்அப், ஒரு பரப்பை மவுஸால் பிடித்து இழுத்தால் சுவராக எழும் வசதியால் பெயர் பெற்றது. கூகுள் 2006இல் வாங்கி இலவசப் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டதால் மாணவர் கைக்கு எட்டியது. ரெவிட், ஈஸ்ட்மன் கேட்டதை மேசைக் கணினியில் நிறைவேற்றியது: ஒரு கதவை நகர்த்தினால் பிளானும் செக்‌ஷனும் கதவுப் பட்டியலும் சேர்ந்தே மாறும். ஆட்டோகேடின் நிறுவனமே 2002இல் 13.3 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியதில் ஒரு ஒப்புதல் இருக்கிறது.

இனி மறுப்புகள். மாநகராட்சி அனுமதிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேண்டியது தட்டையான வரைபடம்தானே என்பது நடைமுறை சார்ந்த வாதம். வரைபடம் வேண்டும் என்பது உண்மை. அதை முதலில் வரைய வேண்டும் என்பதற்கு அது ஆதாரமாகாது. மாதிரியிலிருந்து வெட்டி எடுத்த செக்‌ஷனை எந்த அலுவலகமும் திருப்பி அனுப்புவதில்லை. தமிழ் டிராப்ட்ஸ்மேன்கள் பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு மாதிரியையே சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி 2015இல் வந்தது. பிரிட்டனில் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு 2016 ஏப்ரலில் இதைப் போன்ற கட்டாயம் வந்தது.

கையால் வரையாதவருக்கு அளவு பற்றிய உணர்வு வராது என்பது மூத்தவர்கள் சொல்லும் வாதம். இதில் பாதி உண்மை உண்டு. மூன்றடி அகலத்தைத் தாளில் அளந்து போட்டவருக்கு அதன் நெருக்கம் புரியும்; திரையில் எதையும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால் அந்த உணர்வு மழுங்குகிறது. ஆனால் மவுஸால் கோடு போடும் மாணவருக்கும் அந்த உணர்வு கிடைப்பதில்லை. ஆகவே இது பென்சிலுக்கு ஆதரவான வாதம். தட்டை மென்பொருளுக்கு ஆதரவானதல்ல. பென்சிலும் டேப்பும் மாதிரியும் சேர்ந்து இருக்கட்டும்.

மிகக் கனமான மறுப்பு மூன்றாவது. மாதிரி பார்வைக்கு முழுதும் முடிந்தது போல இருக்கும், கட்ட முடியாததாகவும் இருக்கும். ஸ்கெட்ச்அப்பில் லிண்டல் இல்லாத ஜன்னல் விழுவதில்லை, தாங்க எதுவுமில்லாத பால்கனி வளைவதில்லை. ரெவிட்டில் சுவரைத் தேர்ந்தால் பூச்சும் கனமும் முன்கூட்டியே நிரம்பிவிடும். கற்பவர் யோசிக்காமல் ஏற்றுக்கொள்வார். ஆல்பெர்ட்டியின் கவலை இதுதான், அது தீரவில்லை. எனினும், கோடு போடப் பழக்குவதால் இந்தக் குறை நீங்குவதில்லை. இரண்டு கோட்டுக்கு நடுவே செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று தட்டை வரைபடம் கேட்பதே இல்லை, மாதிரி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும். பெரும்பாலான பயிற்சி நிலையங்களில் இல்லாதது மென்பொருளல்ல, அவர்தான்.

எனவே பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் கேட்பது ஒன்று உண்டு. முதல் வாரத்திலேயே ஒற்றை அறையைக் கடைக்கால், பிளிந்த், சுவர், லிண்டல், சிலாப் என்று கொத்தனார் கட்டும் அதே வரிசையில் கணினியில் கட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் அதன் பக்கத்தில் மாடிக்கு ஒரு படிக்கட்டு வைத்து, வேண்டிய இடத்திலெல்லாம் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளானும் செக்‌ஷனும் அதன்பின் அவர்களுக்குத் தாமாகவே புரியும். பயிற்சியில் சேரப் போகிறவர்களும், கட்டணம் கட்டுவதற்கு முன் இந்த வரிசை அங்கே உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.