ஹேண்ட் கிரிப்பர் ரொம்ப டைட்டா இருக்கா? புதுசு வாங்காமலே டைட்டை கூட்ட, குறைக்க ஈஸி வழிகள்!

ஆசையாக ஹேண்ட் கிரிப்பர் வாங்குவோம். ஒருத்தருக்கு அது பாதிகூட மூடாது. இன்னொருத்தருக்கு இரண்டே வாரத்தில் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். கடைசியில் இரண்டு பேருமே அதை டிராயரில் போட்டுவிடுவார்கள். ஆனால் அதே கிரிப்பரின் டைட்டை வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே மாற்ற முடியும். எப்படி?

கைப்பிடி வலிமை ஏன் முக்கியம்?

2015-ல் லான்செட் மருத்துவ இதழில் 17 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1.4 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. கைப்பிடி வலிமை 5 கிலோ குறைந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 16% அதிகமாக இருந்ததாக அது சொன்னது. அதற்காக கிரிப்பர் அழுத்தினால் ஆயுள் கூடும்னு அர்த்தம் கிடையாது. உடம்பின் மொத்தத் தசை நிலையைக் காட்டும் ஒரு கண்ணாடி மாதிரிதான் கைப்பிடி. ஆசிய மருத்துவ நிபுணர் குழு 2019-ல் சொன்ன அளவுப்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் தசை வலிமை குறைவு.

சிக்கல் எங்கே?

திருகி வைத்து கிலோவை மாற்றும் கிரிப்பரில் பிரச்னை இல்லை. V வடிவ ஸ்பிரிங் கிரிப்பரில் ஒரே அளவுதான். உதாரணத்துக்கு, பிரபலமான 'கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ்' வரிசையில் 'டிரெய்னர்' 100 பவுண்டு, அடுத்த 'பாயின்ட் ஃபைவ்' 120 பவுண்டு. நடுவில் சுமார் 9 கிலோ தாவல்! இந்த இடைவெளியில் அவசரப்படும்போதுதான் விரல் நரம்பும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பிக்கும்.

ஈஸியாக்க...

* பிடிக்கும் இடத்தை மாற்றுங்க: ஸ்பிரிங்கிலிருந்து தள்ளி, கைப்பிடியின் நுனிப் பக்கம் பிடித்தால் குறைந்த பலமே போதும். கதவை கீல் பக்கம் தள்ளுவதைவிட ஓரத்தில் தள்ளுவது சுலபம் இல்லையா? அதே கணக்குதான்.

* ரப்பர் பேண்ட்: இரண்டு கைப்பிடிகளையும் சுற்றி மாட்டுங்க. இதனால் டைட் கூடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில் ரப்பர் கைப்பிடிகளை உள்பக்கம் இழுப்பதால் மூடுவது ஈஸியாகும். ஆனால் மூட மூட ரப்பர் தளர்ந்துவிடும். அதனால் கடைசி ஒரு சென்டிமீட்டரில் பெரிய உதவி இருக்காது.

* இரண்டு கை முறை: இரண்டு கையாலும் மூடிவிட்டு, ஒரு கையை எடுத்துவிடுங்க. மீதி ஒரு கையால் மெதுவா 5 விநாடியில் திறக்க விடுங்க. மூட முடியாத கிரிப்பரை மூடப் பழக இது நல்ல வழி.

கடினமாக்க...

* ஸ்பிரிங் பக்கம் நெருக்கிப் பிடிங்க. அதே கிரிப்பர் டைட்டாகத் தெரியும்.

* நாணயச் சோதனை: மூடிய கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு நாணயம் வைத்து, கீழே விழாமல் 10 விநாடி பிடிங்க. பிறகு 15, 20 என்று கூட்டுங்க.

* நான்கு விரலுக்குப் பதில் இரண்டு, மூன்று விரலால் அழுத்துங்க.

கிரிப்பரே இல்லையா?

வாளி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5 லிட்டரில் ஆரம்பித்து, ஒரு கையில் தூக்கி 30 விநாடி நில்லுங்க. சுலபமானால் அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நுணுக்கமாகக் கூட்டுவது ஒரே அளவுள்ள V வடிவ ஸ்பிரிங்கில் முடியாது. வாளிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால், தண்ணீர் கூட்டாமலே கடினமாகும்.

எப்போ கூட்டணும்?

வாரத்துக்கு 2, 3 நாள் போதும். 12 முறை முழுசா, நிதானமா மூட முடிந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். 5 முறைகூட முடியலைன்னா குறைத்துக்கொள்வதே நல்லது. கடைசியில் விரல் நுனிகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, விரல்களை 15 முறை விரியுங்க. மூடும் தசைக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது, திறக்கும் தசைக்கும் கொடுக்கணும்.

கவனம்!

* மூச்சை அடக்கி அழுத்தாதீங்க. பி.பி. சட்டென்று ஏறும். ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்கணும்.

* விரல் மரத்துப்போவது, மடக்கிய விரல் மாட்டிக்கொள்வது, மூட்டு வீக்கம் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க.

* வெடிப்பு விட்ட ரப்பர் பேண்டைப் பயன்படுத்தாதீங்க. அறுந்தால் கண்ணில் அடிக்கலாம்.

மொத்தத்தில், டைட்டான கிரிப்பரை தூக்கிப்போட வேண்டாம். முதலில் பிடிக்கும் இடத்தை மாற்றிப் பாருங்க. அதுக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை!