குறியும் கடையாணியும்

என் அப்பப்பாவின் மடியில் இரவில் ஓர் இரும்பு ஆணி இருக்கும். சுண்டுவிரல் தடிப்பு, ஏறக்குறைய ஒரு சாண் நீளம், தலைப்பக்கம் வளைந்திருக்கும். கரத்தையின் கடையாணி அது. வந்தாறுமூலையில் எங்கள் வளவுக்குள் கரத்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துக் கட்டி, வைக்கோல் உதறிப் போட்டுவிட்டு, கடைசியாக அச்சின் நுனியில் இருக்கும் அந்த ஆணியைத் தட்டிக் கழற்றிக்கொண்டுதான் சோற்றுக்கு வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கள்ளன் வண்டியக் கொண்டு போகட்டும் மனே. கடப்பத் தாண்ட முதல் சில்லு கழண்டு விழும். விழுந்தா ஊரே எழும்பும்."

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்தப் பதிலின் முழு அர்த்தமும் விளங்கியது நான் மெக்கானிக் ஆன பிறகுதான். செங்கலடிக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில், பிரதான வீதியோரம், நாற்பது வருசத்துக்கு மேல் கராஜ் வைத்திருந்தேன். மொரிஸ் மைனர் முதல் இன்றைய ஹைபிரிட் கார்வரை கையால் தொட்டிருக்கிறேன். வாகனம் களவு போகாமல் காக்கிற சாமான் எத்தனையோ வந்து போயின. எனக்குத் தெரிந்தவரை அவை எல்லாம் இரண்டே வகைக்குள் அடங்கும். ஒன்று குறி, மற்றது கடையாணி. இது என்னுடையது என்று ஊரறிய அடையாளம் போடுவது குறி. இது இல்லாமல் ஓடாது என்கிற ஒரு துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது கடையாணி. வாவியில் தோணியைக் கட்டிவிட்டுத் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற மீனவரும் இரண்டாவது வகையைத்தான் செய்கிறார்.

குறியின் கதை பழையது. மட்டக்களப்பில் செல்வம் என்றால் வயலும் மாடும். வேளாண்மைக் காலத்தில் மாடு வயலில் வாய் வைக்கக் கூடாது என்பதால் பட்டி பட்டியாக மேற்கே காட்டோரம் சாய்த்துக்கொண்டு போவார்கள். மயிலத்தமடு, மாதவணை எல்லாம் அப்படிப்பட்ட மேய்ச்சல் தரைகள். மாதக்கணக்கில் உடையவர் கண்ணிலேயே படாமல் நூற்றுக்கணக்கான மாடுகள் கலந்து மேயும். அதில் என் மாடு எது, உன் மாடு எது? அதற்குத்தான் குறி சுட்டார்கள். குலத்துக்கு ஒரு குறி, குடிக்கு ஒரு குறி, அதோடு உடையவரின் பெயரெழுத்து. எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியாக வருவது. ஆகவே ஒரு மாட்டின் தொடையைப் பார்த்தால் அதன் சொந்தக்காரருடைய தாயின் வழி என்ன என்பதுவரை ஊரில் ஒரு கிழவரால் சொல்ல முடிந்தது. எந்த வாகனத்தின் நம்பர் தகடும் இவ்வளவு சேதி சொல்லாது.

குறி சுடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாட்டைக் கயிறு போட்டு விழுத்தி, நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, விறகு நெருப்பில் பழுக்கக் காய்ந்த கம்பியால் கை நடுங்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். மெதுவாக இழுத்தால் தோல் ஆழமாக வெந்து புண் வைக்கும். அவசரப்பட்டால் மயிர் மட்டும் கருகி, அடுத்த மாரிக்குள் குறி மறைந்துவிடும். மயிர் கருகும் நாற்றமும் மாட்டின் கதறலும் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. அந்த வேதனையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் பழைய குறிக்கு மேல் வேறு குறி சுட்டு மாற்றினால், பட்டிக்காரன் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவான். பழைய தழும்பு மிருதுவாக இருக்கும், புதியது தடித்திருக்கும். பிற்காலத்தில் திருட்டு மோட்டார் சைக்கிள்களில் செசி நம்பரை அராவிவிட்டுப் புதிதாகக் கொத்துவார்கள். அதையும் நான் விரலால் தடவித்தான் பிடித்திருக்கிறேன். அராவிய இடம் பள்ளமாக இருக்கும், கொத்திய எழுத்துகள் ஒரே வரியில் நிற்காது. கண்ணைவிட விரல் முந்திச் சொல்லும்.

குறி மட்டும் போதாது என்று அரசாங்கமும் கண்டது. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாட்டுக்குக் குறி சுடுவதையும் மாடு கைமாறுவதையும் ஒழுங்குபடுத்தியது. மாடு விற்றால் வவுச்சர் எழுத வேண்டும். விற்றவர், வாங்கியவர், மாட்டின் நிறம், கொம்பு, குறி எல்லாம் அதில் இருக்கும். வவுச்சர் இல்லாமல் மாட்டை நடத்திக்கொண்டு போகிறவனை வழியில் எவரும் மறித்துக் கேட்கலாம் என்பதுதான் ஊரின் வழக்கம். இன்றைக்கு வாகனப் பதிவுச் சான்றிதழ் என்கிறோமே, எங்கள் ஊருக்கு அது புதிதல்ல. மாட்டுக்கு அது எப்போதோ வந்துவிட்டது.

மாட்டுக்குப் பிறகு சைக்கிள். ரலி, ஹம்பர், ரட்ஜ் என்று இங்கிலாந்துச் சைக்கிள்கள் வந்த காலத்தில் ஒரு சைக்கிள் வைத்திருப்பவர் இன்றைக்குக் கார் வைத்திருப்பவருக்குச் சமம். வந்தாறுமூலை மத்திய கல்லூரிக்கு வருகிற ஆசிரியர்களின் சைக்கிள்கள் வேப்பமர நிழலில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கிராமச் சங்கத்தின் வருடாந்த அனுமதித் தகடு சின்னதாக மின்னும். அந்தத் தகடும் ஒரு குறிதான். ஆனால் மக்கள் அதை நம்பி இருக்கவில்லை. மட்காட்டின் உட்புறத்தில் ஆணியால் பெயரைக் கீறினார்கள். ஆசனக் குழாய்க்குள் பெயர் எழுதிய கடதாசியைச் சுருட்டி வைத்து மூடினார்கள். களவு போன சைக்கிளுக்குப் பெயின்ற் மாறியிருந்தாலும் ஆசனத்தைக் கழற்றினால் கடதாசி இருக்கும். பெயின்ற் அடித்தவனுக்கு அது தெரியாது. பூட்டு என்று பார்த்தால் பின்சில்லுக்குப் போடுகிற வளையப் பூட்டுத்தான். பூட்டிய சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போவது கள்ளனுக்குக் கஷ்டமில்லை. தோளில் சைக்கிளோடு ஊருக்குள் நடக்கிறவனைப் பார்த்து "ஏன்டா தூக்கிட்டுப் போறாய்?" என்று கேட்க ஆள் இருந்ததுதான் உண்மையான பூட்டு.

இனிக் கார். நான் தொழில் பழகிய நாட்களில் எங்கள் வீதியில் ஓடியவை ஒஸ்ரின் ஏ 40, மொரிஸ் மைனர், ஒன்றிரண்டு பீஜோ. அந்தக் காலத்து மொரிஸ் மைனரின் திறப்பு இன்றைய அலுமாரித் திறப்பைவிடச் சின்னது. திறப்பைத் திருப்பினால் மின்சாரம் மட்டும் போகும், ஸ்டார்ட் பண்ண வேறொரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். ஸ்டேரிங்குக்குப் பூட்டே கிடையாது. தேய்ந்த திறப்பு ஒன்று இருந்தால் பக்கத்து வீட்டுக் காரையும் எடுக்கலாம். திறப்பே இல்லாவிட்டாலும் பற்றரியிலிருந்து கொயிலுக்கு ஒரு முழ வயர் போதும். ஆகவே கார்க்காரரும் கடையாணிக்குத்தான் போனார்கள். பொனெட்டைத் தூக்கி, டிஸ்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளினால் உள்ளே ரோட்டர் இருக்கும். பெருவிரல் அளவு, கடும் கபில நிறம், மேலே ஒரு பித்தளைத் தகடு. மின்பொறியை நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பங்கிடுவது அதுதான். அதை இழுத்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திரும்பப் பூட்டினால், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கள்ளன் எத்தனை தடவை சுற்றினாலும் என்ஜின் இருமுமே ஒழியப் பிடிக்காது.

நம்பர் தகட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. அதுவும் குறிதானே. 1957 ஜனவரியில் வாகன நம்பர்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. வடக்கு கிழக்கில் தமிழரசுக் கட்சியினர் அதற்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடினார்கள், வழக்குகளைச் சந்தித்தார்கள். 1958 ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்ட வேளையில் நாட்டை உலுப்பிக்கொண்டிருந்ததும் இந்த எழுத்துப் பிரச்சினைதான். தன் மாட்டில் யாருடைய குறி சுடப்படுகிறது என்பதில் எங்கள் ஆட்கள் எவ்வளவு கவனமாக இருந்தவர்கள் என்று அறிந்தவருக்கு அந்தக் கோபம் விளங்கும்.

கடையாணிக்கும் ஒரு சோதனை வந்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஊர்கள் வெறிச்சோடின. சனம் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அகதியாகக் குவிந்தது. எங்கள் ஊர்க் கார்க்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, வீட்டில் ஒஸ்ரினை விட்டுவிட்டு வரும்போது ரோட்டரைக் கழற்றி வெற்றிலைக் கொட்டப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். முகாமில் பாக்குத் துண்டு எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரோட்டரை விரலால் தள்ளிவிட்டுத்தான் எடுப்பார். "திரும்பிப் போய் இதப் போட்டா ஒரு சுத்துல பிடிக்கும் மருமகன்" என்பார். செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அந்த நாளுக்குப் பிறகு கார் என்ற சொல்லையே மாமா எடுக்கவில்லை. மாதங்கள் கழித்து நாங்கள் வீட்டுக்குப் போனபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் நாலு கல்லும் இருந்தன. கார் இல்லை. ஆயுதமும் ஆட்களும் கயிறும் இருந்தால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம், கடையாணி அதற்கு என்ன செய்யும்? அந்த ரோட்டரை அவர் என்னிடம் தந்தார். என் கருவிப் பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. விற்கவும் இல்லை, எந்தக் காருக்கும் போடவும் இல்லை.

நாங்கள் ரோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த காலத்தில் உலகத்தில் என்ன நடந்தது? மேற்கு ஜேர்மனி 1961 இலேயே புதிய கார்களுக்கு ஸ்டேரிங் பூட்டுக் கட்டாயம் என்றது. அமெரிக்காவில் 1970 தொடக்கம் செய்யப்பட்ட கார்களில் திறப்பை எடுத்தால் ஸ்டேரிங்கோ கியரோ பூட்டுப்பட வேண்டும் என்ற விதி வந்தது. எங்களுக்கு அது வந்து சேர்ந்தது 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பான் வாகனங்கள் வந்தபோதுதான். முதல் தடவை ஒருவர் ஸ்டேரிங் இறுகிவிட்டது, ரேக் உடைந்துவிட்டது என்று பயந்து வந்து நின்றார். திறப்பைப் போட்டு மெல்ல ஆட்டிக் காட்டினேன்.

பெரிய மாற்றம் 1990களில். ஐரோப்பாவில் காப்புறுதிக் கம்பெனிகளின் நெருக்குதலால் இம்மொபிலைசர் பரவியது. 1998 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயமாகியது. திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் நெல்மணி அளவில் ஒரு சிப். அதற்குப் பற்றரி கிடையாது. திறப்பைப் போட்டதும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சக்தி கொடுக்கும். அது தன் இரகசிய இலக்கத்தைச் சொல்லும். காரின் கணினி அதை ஒத்துக்கொண்டால்தான் பெற்றோலும் பொறியும் கிடைக்கும். இதை முதலில் ஒரு பயிற்சிப் பட்டறையில் விளக்கியபோது எனக்கு அப்பப்பாவின் மடி ஞாபகம் வந்தது. இல்லாமல் ஓடாத துண்டு மறுபடியும் உடையவரின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

இப்போது திறப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தி ஓடுகிற கார்கள் எங்கள் ஒழுங்கைகளுக்குள்ளும் நிற்கின்றன. காரிலிருந்து வருகிற மெல்லிய அழைப்புக்குத் திறப்பு வானொலிபோலப் பதில் பேசும். வெளிநாடுகளில் கள்ளர் இரண்டு பேர், ஒருவன் வீட்டுக் கதவருகே, ஒருவன் காரருகே நின்று அந்தப் பேச்சை எட்டிப் பிடித்துக் கடத்தி காரைத் திறந்து ஓட்டிப் போகிறார்கள். திறப்பை இறுக்கமாக மூடுகிற தகர டின்னுக்குள் போட்டு வையுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். டின்னை மூடி எடுத்துக்கொண்டு காரருகே போய்க் கதவு திறக்கிறதா என்று சோதித்தும் பாருங்கள். திறந்தால் டின் சரியில்லை.

ஆனால் என்னுடைய கவலை சிப் அல்ல. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும். ஹாண்டிலைப் பூட்டாமல் கடை வாசலில் விடுகிறோம். திறப்பைத் தொங்கவிட்டுக் கொத்துரொட்டி வாங்கப் போகிறோம். அதைவிடப் பெரிய கேடு ஓபன் பேப்பர். விற்றவர் கையெழுத்து வைத்த படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே மூன்று நாலு பேரிடம் வாகனம் கைமாறுகிறது. பெயர் மாற்றக் காசு செலவாகும் என்பது உண்மை. ஆனால் களவு போன அன்று பொலிஸில் நின்று, இது என்னுடையது என்று சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது? வவுச்சர் இல்லாத மாட்டை வாங்க எங்கள் கிழவர்கள் சம்மதித்ததே இல்லை.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது பதிவதற்குச் செசி நம்பர் கேட்டார்கள். அந்த வாரம் என் கராஜுக்கு வந்த கூட்டத்தை மறக்க மாட்டேன். வருசக்கணக்காக ஓட்டிய வண்டியின் செசி நம்பர் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னேன். இரண்டு பேருடைய வண்டியில் புத்தகத்தில் இருந்த நம்பரும் இரும்பில் இருந்த நம்பரும் ஒத்துவரவில்லை. அதை அவர்கள் வாங்கும்போதே விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது இதுதான். இன்றைக்கே ஒரு துணியும் ரோர்ச்சும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் வண்டியின் செசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் இரும்பிலிருந்தே பார்த்து எழுதுங்கள். பெயர் மாற்றாவிட்டால் இந்த மாதமே மாற்றுங்கள். ஆசனத்துக்கு அடியில், கண்ணாடியின் ஓரத்தில், உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் உங்கள் குறியைக் கீறி வையுங்கள். களவு போனால் 119 க்கு உடனே சொல்லுங்கள், எழுதிய நம்பரை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். நம்பர் எழுதிய அந்தக் கடதாசியை வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள், வீட்டில் வையுங்கள்.