உம்மா கட்டும் வீடு

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து முஸ்லிம்களிடையே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்னும் குலப்பிரிவு தாய்வழி, வீடு மகளுக்குச் சீதனம். அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இதே வழக்கத்தைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கண்டு எழுதினார்.

மூத்தவளுக்கு வீட்டை எழுதிவிட்டு உம்மாவும் வாப்பாவும் பக்கத்து வளவில் சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். இளையவளுக்கு மறுபடியும் அத்திவாரம். கதவு, ஜன்னல், பூச்சு எதிலும் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லிவிடக் கூடாது. உம்மாவின் இந்தப் பிடிவாதத்தில் வாப்பாவின் உழைப்போடு, மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகளின் சம்பளமும் கரையும்.

2004 டிசம்பர் 26இல் கடலோரத் தெருக்களில் இப்படிக் கட்டிய வீடுகளைச் சுனாமி கொண்டுபோனது. மீள்குடியேற்றப் படிவங்களோ ‘குடும்பத் தலைவர்’ யாரென்று கேட்டன. பல இடங்களில் ஆண் பெயரே பதிவானது. உம்மா மகளுக்கென்று கட்டிய வீட்டுக்கு ஈடாகக் கிடைத்த வீடு மருமகன் பெயரில் வந்தது.