புதுப் போதைப்பொருள் எவ்வளவு அடிமையாக்கும்? எலியிடம் ஏன் கேட்கிறார்கள்?

சியாபு, பில் குடா. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் வளர்ந்த யாருக்கும் இந்தப் பெயர்கள் புதுசு இல்ல. சியாபு என்பது மெத்தம்ஃபெத்தமின். அதையே காஃபினோடு கலந்து மாத்திரையாக்கினால் பில் குடா. மெத்தம்ஃபெத்தமின் மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கிறது. அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் புதுசா வரும் ரசாயனங்களில்தான். ஏமன், எத்தியோப்பியா பக்கம் மக்கள் மெல்லும் காட் இலையில் கத்தினோன் என்ற ஊக்கப்பொருள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் மெஃபெட்ரோன். வேறு மாதிரி மாற்றினால் எம்டிபிவி. வெளிநாடுகளில் இவை 'பாத் சால்ட்ஸ்', அதாவது குளியல் உப்பு என்ற பெயரில் விற்கப்பட்டன. "பட்டியல்ல பேரே இல்லையே, அப்புறம் என்ன பயம்?" விற்கிறவன் சொல்லும் முதல் வசனம் இதுதான்.

பட்டியலில் சேர்க்க ஆதாரம் வேண்டும். முன்பின் தெரியாத ஒன்றை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. அதனால்தான் எலி.

எலிக்குப் பிடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?

எலியின் ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். கூண்டில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் மருந்து நேராக உடம்புக்குள் போகும். எலி பழகிய பிறகு 'விலை'யை ஏற்றுவார்கள்: ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிகமாக அழுத்தினால்தான் அடுத்த டோஸ். எந்த எண்ணிக்கையில் எலி 'போதும்பா' என்று விட்டுவிடுகிறதோ, அதுதான் அளவுகோல்.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையம் 2013இல் இப்படிச் சோதித்தது. ஒரு டோஸ் மெத்தம்ஃபெத்தமினுக்காக எலிகள் சராசரியாகச் சுமார் 60 தடவை அழுத்தின. எம்டிபிவிக்கு? சுமார் 600. சியாபுவே பயங்கரம் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணை இன்னொரு தடவை படிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒரு பொருளை மதிப்பிடும்போது இந்த மாதிரித் தரவுகளையும் பார்க்கும். மெஃபெட்ரோன், எம்டிபிவி இரண்டும் 2015இல் ஐநாவின் 1971 ஒப்பந்தப் பட்டியலுக்குள் வந்தன.

இன்னொரு சோதனையில் இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புநீர். பிறகு எதுவும் கொடுக்காமல் எலியைத் திறந்துவிட்டால், எந்த அறையில் போய் உட்காருகிறது?

சோதனைகள் ஒத்துப்போகுமா?

எப்போதும் இல்ல. நம்ம ஊர் கெத்தும் இலை நல்ல உதாரணம். அது செயற்கையும் இல்லை, வெறும் ஊக்கப்பொருளும் இல்லை. ஆனால் சோதனை முறை ஒன்றுதான். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கெத்துமில் இருக்கும் மித்ராஜைனினை எலிகளுக்குக் கொடுத்து அறைச் சோதனை செய்தார்கள். எலிகள் மருந்து கிடைத்த அறையையே நாடின. ஆனால் அமெரிக்காவில் நடந்த நெம்புகோல் சோதனையில், மித்ராஜைனினுக்காக எலிகள் பெரிதாக மெனக்கெடவில்லை. அதன் நெருங்கிய உறவான 7-ஹைட்ராக்ஸி மித்ராஜைனினுக்கு மட்டும் அழுத்தின. ஒரே ஒரு ஆய்வைக் காட்டி 'பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனை என்று கேளுங்க.

கூண்டில் தனியாக இருந்ததால்தானோ?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 2018இல் மார்கோ வென்னிரோவும் சக ஆய்வாளர்களும் மெத்தம்ஃபெத்தமினுக்குப் பழகிய எலிகளுக்கு இரண்டு நெம்புகோல் வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் மருந்து. மற்றதை அழுத்தினால் கதவு திறக்கும், அந்தப் பக்கம் இன்னொரு எலி. பெரும்பாலும் எலிகள் துணையையே தேர்ந்தெடுத்தன.

எலி வேறு, மனிதன் வேறு. ஆனாலும் லயத்து வீடு, கோயில், தோட்டப் பள்ளி எல்லாம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு, தோட்டம் கைமாறியதும் ஆளுக்கொரு அடுக்குமாடிக்குப் போனவர்கள் இதை வேறு மாதிரி படிப்பார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: துணை வருவது தாமதமானபோது, எலிகள் மருந்துப் பக்கம் திரும்பின.