சாணைக்கல்லுக்கு அடங்காத முனை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் பெரிய தேரை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தெரிவது தொம்பைகளும் வண்ணத் துணிகளும்தான். தச்சர்களின் உழைப்பு அதற்குக் கீழே, சக்கரங்களுக்கு மேலுள்ள மர அடுக்குகளில் இருக்கிறது. புராணக் காட்சிகளை அங்கே பலகை பலகையாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் உளியும் கொட்டாப்புளியும் சேர்ந்து செய்த வேலை. கொடியின் வளைவுக்கு ஓர் உளி, கண்ணிமைக்கு இன்னொன்று, பின்புலத்தைத் தோண்டி இறக்க வேறொன்று. சிற்ப வேலை செய்யும் ஆசாரியிடம் சிறிதும் பெரிதுமாக டஜன் கணக்கில் உளிகள் இருக்கும்.

அத்தனை உளிகளையும் அவர் எதில் வைத்திருந்தார்? பெரும்பாலும் ஒரு சாக்குப்பையில், மிஞ்சிப்போனால் ஒரு மரப்பெட்டியில். வாய்ச்சியும் இழைப்புளியும் அதிலேயே கிடக்கும். முனை ஒன்றோடொன்று உரசி மழுங்கினாலும் பெரிய நஷ்டம் இல்லை. நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்தால் கூர் திரும்பிவிடும். விளிம்பில் பல் விழுந்திருந்தால் சாணைக்காரர் இருக்கிறார். தேய்ந்து தேய்ந்து உளியே குட்டையாகிவிட்டால் கொல்லுப்பட்டறைக்குப் போய், காய்ச்சி அடித்து நீட்டி, துவைச்சல் போட்டு வாங்கி வரலாம். தச்சரும் கொல்லரும் ஐந்தொழில் மரபில் ஒரே குடும்பம் போன்றவர்கள். அதனால் கருவியைச் செய்தவரும், அதை வைத்துப் பிழைத்தவரும், பழுது பார்த்தவரும் பெரும்பாலும் ஒரே தெருவுக்குள் இருந்தார்கள். துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் கொட்டித் துடைத்து அடுக்குவது. பாதுகாப்பு என்று தனியாகச் செய்தது அவ்வளவுதான்.

இந்த நிம்மதியைக் கலைத்த இயந்திரம் பிறந்தது அமெரிக்காவில். பலகையில் காடி எடுக்கவும் விளிம்புக்கு அலங்கார வளைவு கொடுக்கவும் பயன்படும் மின்சார ரூட்டரை, நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரில் இருந்த கெல்லி நிறுவனம் 1905 வாக்கில் செய்தது. அது கனமானது. பத்தாண்டு கழித்து, அதே மாகாணத்தின் சிராக்யூஸ் நகரில் வார்ப்பட அச்சு செய்யும் தச்சரான ஆர். எல். கார்ட்டர், முடிவெட்டும் மின்கருவியின் மோட்டாரில் வெட்டுமுனை ஒன்றைப் பொருத்தி, கையில் அடங்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1929-இல் அவருடைய தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. கைக்கருவியால் அரை நாள் ஆகும் காடி சில நிமிடத்தில் முடிந்தது. ஆனால் வெட்டுமுனையின் பாடு கஷ்டமானது. உளி கொட்டாப்புளியின் அடிக்கு அடி நகர்வது. ரூட்டரின் வெட்டுமுனையான பிட் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட் ஒன்று அந்த வேகத்தில் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மரத்தைச் சீவுகிறது. சாதாரண எஃகு அந்தச் சூட்டில் துவைச்சலை இழந்து மெத்தென்று ஆகிவிடும்.

தீர்வு இன்னொரு தொழிலில் இருந்து வந்தது. ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனம் மின்விளக்குகளுக்கான டங்ஸ்டன் இழையை நீட்ட வைர அச்சுகளைப் பயன்படுத்திவந்தது. வைரத்துக்கு மாற்றுத் தேடிய அந்த நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் தூளோடு கோபால்ட் தூளைக் கலந்து, அழுத்தி, உலையில் சுட்டு இறுக்கினார். 1923-இல் காப்புரிமை. 1926-இல் க்ருப் நிறுவனம் அதை ‘விடியா’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தக் கார்பைடு மரத்துக்கு வரும் முன் பாறையில் பழகியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆலங்குளத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது மரம் அல்ல, சுண்ணாம்புக்கல். அங்கே அரசு சிமெண்ட் ஆலை 1970-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகெங்கும் கல் சுரங்கங்களில் பாறை துளைக்கும் தண்டுகளின் நுனியில் கார்பைடுதான் பதிக்கப்பட்டது. பாறையைக் குடைந்த அதே பொருள் மரத்துக்கு வருவதற்கும் காரணம் உண்டு. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருக்கிறது. பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் இறுகிப்போன பசை எஃகு முனையை வெகு சீக்கிரம் தின்றுவிடும். மேற்கே மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனது. தச்சு வேலை டிப்போ மரத்துக்கும் கடைப் பலகைக்கும் நகர்ந்தது. அங்கே கார்பைடு இல்லாமல் கதை நடக்காது.

ஆனால் கார்பைடின் கடினம் இரட்டைக் குணம் கொண்டது. அது எளிதில் தேயாது, தட்டினால் உடையும். இரண்டு பிட்டுகள் இழுப்பறையில் உருண்டு மோதினால் போதும், மயிரிழைச் சில்லு ஒன்று பெயர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளம், சீவிய விளிம்பில் நீளக் கோடாக வந்து நிற்கும். பெரிய விரிசலோடு சுழலவிட்டால் துண்டு தெறிக்கும் ஆபத்தும் உண்டு. சரி, தீட்டலாமே என்றால் ஊர் சாணைக்கல்லில் முடியாது. வைரத்தூள் பதித்த சக்கரம் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாகத் தீட்டுவதில் இருந்த திறமை, இப்படித்தான் வைத்துக் காப்பதற்கு இடம் மாறியது.

வீட்டுப் பட்டறையில் அதற்குச் செலவில்லாத வழி ஒரு மரக்கட்டை. பிட்டின் அரை அங்குலத் தண்டு என்பது 12.7 மில்லிமீட்டர், அதற்கு 13 மில்லிமீட்டரில் ஓர் அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, வெட்டும் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்துகிறார்கள். துளை சரியாக 12.7 என்று இறுக்கமாக இருந்தால், ஐப்பசி மழையில் கட்டை உப்பி பிட்டைப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கும் அவசரத்தில் கை முனையில் படும். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி. கட்டை ஈரப்பசை இல்லாததாக இருக்க வேண்டும், ஏனென்றால் பச்சை மரத்தின் அமிலம் தண்டைத் துருப்பிடிக்க வைக்கும். கார்பைடுத் துகள்களைக் கட்டி வைத்திருக்கும் கோபால்ட்டையும் அரிக்கும்.

எடுத்து வைக்கும் முன் செய்வதும் முக்கியம். வேலை முடிந்த பிட்டில் பிசினும் பசையும் கருகி ஒட்டியிருக்கும். அப்படியே விட்டால் அடுத்த முறை சூடு ஏறி மரத்தைக் கருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத்பிரஷ் போதும். காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரம் கூடாது. நுனியில் பேரிங் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். பிறகு தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தால் சரி. பிட்டை ரூட்டரிலேயே மாட்டிவைத்துப் போகிறவர், துரு ஏறிய தண்டை அதைப் பிடித்திருக்கும் காலெட்டிலிருந்து பிரிக்க ஸ்பானரோடு மல்லுக்கட்ட நேரும். கடையில் தரும் ஸ்பாஞ்சு பெட்டியும் மழைக்காலத்தில் நம்பத்தக்கது அல்ல. ஸ்பாஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சரஸ்வதி பூஜை சடங்கில் இப்போது இவையும் சேர்ந்துவிட்டன. உளி, இழைப்புளி வரிசையில் ரூட்டரும், பிட் குத்திய கட்டையும் சந்தனப் பொட்டோடு உட்காருகின்றன. முன்பு துடைத்து எண்ணெயிட்ட அதே வேலை. ஆனால் கட்டையிலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது புதிது. பெயர்ந்தது வேலைக்கு ஆகாது. ஆனாலும் சாதாரண இரும்போடு சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுவிட்டால் நஷ்டம்: டங்ஸ்டனை மீட்டெடுக்கும் ஆலைகள் இருப்பதால், கார்பைடுக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை உண்டு. விவரம் தெரிந்தவர்கள் உடைந்த முனைகளைத் தனி டப்பாவில் சேர்க்கிறார்கள்.