வெற்றிடம் சொன்ன சாட்சி

தாம்பரம், பரங்கிமலை, பல்லாவரம் என்று எங்கள் சுற்றுப்புறமே பட்டாளத்தோடு பழகிய இடம். ஓய்வு பெற்ற சிப்பாய்களுடன் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது.

1985-இல் சிக்னல் படையில் நல்ல திடகாத்திரத்துடன் சேர்ந்த ஒருவரை, வலிப்பு நோய் என்று 1994-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனம் 20 சதவீதம். "உடல்வாகினால் வந்தது, பணியால் வந்ததல்ல" என்றது மருத்துவக் குழு. ஊனப் பென்ஷன் கிடைக்கவில்லை.

2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், அவர் சேர்ந்த நாளின் குறிப்பைப் பார்த்தது. அதில் நோயே இல்லை. ஆகவே அது பணியில் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டும் பாரம் சர்க்காரைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. 1982-ஆம் வருஷத்து விதிகளும் அதைத்தான் சொல்லியிருந்தன!

உடம்பைப் பறிகொடுத்தவனே சாட்சியும் தேடி அலைவது என்ன நியாயம்? டாக்டர் அன்று எழுதாமல் விட்ட வெற்றிடமே அவனுக்குச் சாட்சியாயிற்று.