பாவலர் சகோதரர்கள்

அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரத்தில் உருவான மேடை இசைக்குழு. மூத்தவர் பாவலர் வரதராஜன். தம்பியர் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். கடைசி இருவரைத்தான் தமிழகம் பின்னாளில் இளையராஜா, கங்கை அமரன் என்று அறிந்தது.

லிவர்பூல் பையன்களான பீட்டில்ஸ் 1960இல் ஹாம்பர்க் நகர மதுக்கூடங்களில் இரவெல்லாம் வாசித்துத்தான் தேறினார்கள். மதுரைப் பக்கத்தில் அதற்கு வழியில்லை. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் வந்த மதுவிலக்கு 1971 வரை தளரவில்லை. பாட்டுக்காரனுக்குக் கூட்டம் கிடைத்த இடங்கள் கோயில் திருவிழாவும் கட்சி மேடையும். இவர்களை வளர்த்தது கட்சி மேடை.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிப் பிரச்சாரப் பாடகர். ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டில் அரசியல் வரிகளை ஏற்றிப் பாடுவார். மெட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் கேட்பவர் கவனமெல்லாம் சொல்லில் நிற்கும். எளிய உத்திதான், ஆனால் எங்கே கைதட்டு விழும் என்று தெரிந்தவருக்கே அது கைகூடும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அது நன்றாகவே வேலை செய்தது. 1956 மொழிவாரிப் பிரிவினையில் கேரளத்தோடு போன அத்தொகுதியில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்களிடம் தமிழிலேயே பாடி வாக்குக் கேட்டார் வரதராஜன். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பாட்டு மட்டுமே தேர்தலை வென்றுவிடாது என்றாலும், அந்த வெற்றியில் பாவலருக்குப் பங்குண்டு என்பது கட்சிக்காரர்களின் நெடுநாள் பேச்சு.

ராசய்யா 14 வயதுவாக்கில் அண்ணனோடு ஊர் ஊராகக் கிளம்பினார். ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது என்பது வீட்டில் உத்தரவு. அண்ணன் இல்லாத நேரம் பார்த்து வாசிக்கப்போய்ப் பிரம்படி வாங்கிய கதையை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். திருட்டுத்தனமாகப் பழகிய அந்தக் கைதான் பிறகு குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தது. பத்தாண்டு இப்படியே போனது. இசைப் பள்ளி எதுவும் கிட்டாத கிராமத்துப் பையனுக்கு ஊருக்கு ஊர் மாறிய அந்தக் கூட்டங்களே பயிற்சிக்கூடம். இளையராஜாவைப் பற்றிய எழுத்துகள் இந்தப் பத்தாண்டை இரண்டு வரியில் தாண்டிவிடுவது நியாயமில்லை.

1968இல் ராசய்யாவும் பாஸ்கரும் சென்னைக்குப் புறப்பட்டார்கள். தாய் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பினார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் சகோதரர்கள் சேர்ந்தே இருந்தார்கள்: ராசய்யா முதலில் கிட்டார், பிறகு ஆர்மோனியம், பாஸ்கர் தாளம், அமரன் கிட்டார்.

வரதராஜன் 1973இல் காலமானார். 1976இல் இளையராஜா இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அவர் இல்லை. பாஸ்கரின் படநிறுவனம் பாவலர் கிரியேஷன்ஸ் என்ற பெயரில் இயங்கியது. 1981இல் வந்த பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ அதன் தயாரிப்பு.